பதினொரு மில்லி

மூன்று மணி.
உன்னை எழுப்ப வேண்டும்.

நீயாக அழுது எழுந்தால் வசதி.
நீ அழுவதில்லை.
முப்பத்து மூன்றாம் வாரமே கிளம்பி வந்துவிட்டாய்
பசியைக் கட்டி எடுத்துக்கொள்ள மறந்து.

வார்டிலிருந்து அனுப்பும்போது ரைலி சொன்னாள்,
மூக்குக் குழாயின் பசைத் தடத்தை எண்ணெய் தொட்டுத் துடைத்தபடி:
"கேட்கட்டும் கொடுப்போம் என்று உட்கார்ந்துவிடாதீர்கள்.
இப்போதைக்குக் கடிகாரம்தான் கேட்கும்."

நான் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவன்.
ஓவுலுவிலிருந்து புதஸ்யார்வி வரை, இரவு முறை,
பதினேழு குளிர்காலம்.
விளக்கொளிக்குள் ஓயாமல் ஓடிவரும் வெள்ளைத் துகள்
கண்ணைத் தொட்டிலில் போட்டு ஆட்டும்.
தலை சாயும் நொடியில்
ஜன்னலை இறக்கிவிடுவேன்,
நாக்கைச் சுடும் கறுப்பு உப்பு மிட்டாயைக் கடிப்பேன்,
ரேடியோவில் வெய்க்கோவைக் கூப்பிட்டு
என்னைத் திட்டச் சொல்வேன்.
அவன் நன்றாகத் திட்டுவான்.

அதே வித்தைகள்தான் இப்போது உன்னிடம்.
போர்வையை விலக்குகிறேன்.
கம்பளிச் சட்டையின் மூன்று பொத்தான்,
என் விரலுக்கு அகப்படாத பொத்தான்கள்.
டயப்பரை மாற்றுகிறேன், நனையாவிட்டாலும்.
ஈரத்துணியால் உள்ளங்கால்.
கால் என்றா சொன்னேன்,
என் கட்டைவிரலின் முதல் கணு அது.

ஒரு கண் திறக்கிறாய்.
யார் இந்த ஆள் என்பதுபோல்.
மூடுகிறாய்.

பக்கவாட்டில் படுக்கவைத்து
பாட்டிலை உதட்டோரம் வைத்துக் காத்திருக்கிறேன்.
திணிக்கக் கூடாது. அதுவும் ரைலி சொன்னதுதான்.
வாய் தானாகத் திறக்கும்.
திறந்தது.

உறிஞ்சல், உறிஞ்சல், உறிஞ்சல், விழுங்கல்
மூச்சு
மூச்சு எங்கே
பாட்டிலைத் தாழ்த்துகிறேன்
இதோ, மூச்சு.

சமையலறையில் சைமி விளக்கைப் போடாமல்
பால் எடுக்கும் இயந்திரத்தோடு உட்கார்ந்திருக்கிறாள்.
அது "போ-தும், போ-தும்" என்று முனகுகிறதாம்.
எனக்கு அது நின்ற இடத்தில் உறுமும் டீசல்.
எங்களுக்குள் இரண்டு நாளாக
மில்லி கணக்கைத் தவிர வேறு பேச்சில்லை.

உன் தாடை நின்றுவிட்டது.
கடைவாயில் ஒரு வெள்ளைக் கோடு வழிந்து
கழுத்து மடிப்புக்குள் போகிறது.
கன்னத்தைத் தடவினேன். காதைத் தொட்டேன்.
வெய்க்கோவின் வசவில் ஒன்றை
மெதுவாக, மிக மெதுவாக, உன் காதில் சொன்னேன்.
நீ தூக்கத்தில் சிரித்தாய்.
காற்றுதான் என்பாள் சைமி.

நோட்டில் எழுதுகிறேன்:
3.35. பதினொரு மில்லி.
நாற்பது குடிக்க வேண்டியவள்.
என் காபியில் நான் ஊற்றும் பால் இதைவிட அதிகம்.
பதினெட்டு டன்னைப் பனிக்கட்டியில் நேராக நிறுத்துகிறவன்
இருபத்தொன்பது மில்லிக்கு முன்னால் உட்கார்ந்து
கண்ணைத் துடைத்துக்கொள்கிறேன்.
வெள்ளிக்கிழமை எடை பார்ப்பார்கள்.

உன் பெயர் எங்கள் இருவருக்கு மட்டும் தெரியும்.
பெயர்சூட்டும் நாள்வரை வெளியே சொல்லாத வழக்கம்.
நோட்டின் அட்டையில்கூட "அவள்" என்றே எழுதியிருக்கிறோம்.

பிறகு நான் செய்யக் கூடாததைச் செய்தேன்.
உன்னைத் தொட்டிலில் விட்டு
நாற்காலியிலேயே தூங்கிப்போனேன்.
பதினேழு குளிர்காலத்தில் ஒருமுறைகூட
அப்படித் தூங்கியதில்லை.

கனவில் வைப்பர் தேய்ந்தது,
ஈரமில்லாத கண்ணாடியில் ரப்பர் கீச்சிடும் சத்தம்.
நிறுத்த விசையைத் தேடினேன்.
நிற்கவில்லை.
கண் விழித்தேன்.

கூரையில் மஞ்சள் ஒளி சுழன்று போனது.
என் இடத்துக்கு வந்த பையன்
நம் வாசலில் பனியைக் குவித்துவிட்டுப் போகிறான்,
நான் மற்றவர் வாசலில் குவித்ததுபோலவே.
ஆனால் சத்தம் தெருவிலிருந்து வரவில்லை.

முகம் சிவந்து, முஷ்டியைச் சப்பி,
தொட்டில் விளிம்பைத் தலையால் முட்டி
நீ.

கடிகாரம் கேட்க இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

"சைமி!" என்றேன்.
அடுத்த சொல் வரவில்லை.
வெறுங்காலோடு ஓடுகிறேன், தண்ணீர் சூடாக வேண்டும்,
நீ கத்துகிறாய், கத்து, கத்து,
நோட்டில் கோணலாக ஒரு வரி:

5.40. அவளே கேட்டாள்.
அளவு பிறகு.