இந்த வீட்டைச் சேர்ந்ததல்ல

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்
மீன்குழம்புச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு
ரிமோட்டைக் கையில் எடுத்தால்
டிவி சொல்கிறது:
இந்தக் கருவி உங்கள் வீட்டைச் சேர்ந்ததல்ல.

சந்தா தம்பி உத்திராபதி பேரில்.
திருப்பூரிலிருந்து கட்டுகிறான்.
பாஸ்வேர்டு, அம்மா பேரும் பழைய லூனாவின் நம்பரும்.
மூன்று வருசமாக
அவன் பாதியில் விட்ட படங்களை எனக்குத் தெரியும்.
நான் ரெண்டு தடவை பார்த்ததை அவனுக்குத் தெரியும்.
போனில் பேசிக்கொள்வது
தீபாவளிக்கும் திதிக்கும்தான்.

குடவாசல் பதிவாளர் ஆபீசில்
ஏழு மா நஞ்சைக்கும் கொல்லைக்கும்
விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட அன்றுகூட
யாரும் இப்படி முகத்துக்கு நேரே சொல்லவில்லை.
பட்டுப்புடவை எடுத்துக் கொடுத்து
இலைபோட்டு, பாயசம் ஊற்றி,
அதற்கப்புறம்தான் சொன்னார்கள்.

சரி, தனியாகவே கட்டிக்கொள்வோமென்று
மளிகை நோட்டின் கடைசிப் பக்கத்தில் கணக்குப் போட்டேன்.
கேபிள் வைரக்கண்ணுக்கு இருநூற்றெண்பது.
வேண்டாமென்று நாலு மாசமாகச் சொல்கிறேன்
பெட்டியை எடுக்க வரமாட்டார்
காசுக்கு மட்டும் ஒன்றாம் தேதி வாசலில் ஹாரன்.
ஃபைபர் லைன் வரியோடு நானூற்று எழுபத்தொன்று.
சீரியல் வருவது ஒன்றில்
புதுப்படம் வருவது இன்னொன்றில்
சின்னவனின் கிரிக்கெட் மூன்றாவதில்.
விளம்பரம் இல்லாமல் வேண்டுமென்றால்
அதற்கு வேறு விலை.
எட்டிப் பார்த்த வீட்டுக்காரர்
'ஒரு மூட்டை டிஏபி' என்றார்.
வேறொன்றும் சொல்லவில்லை
வேட்டியை உதறிக்கொண்டு நாற்றங்காலுக்குப் போய்விட்டார்.

வருசச் சந்தா ஒன்று ஏற்கெனவே கட்டியிருக்கிறோம்.
அதில் போன மாசம் ஒரு படம்,
தலைமாட்டில் சின்னதாகப் பூட்டு.
வாடகை நூற்று நாற்பத்தொன்பது.
குத்தகையும் கொடுத்து
வரப்பில் நடக்கத் தனிக்காசு.
அதையும் கட்டினேன்.
ஆரம்பித்துவிட்டால் நாற்பத்தெட்டு மணி நேரம் என்றது.
ஆரம்பித்தேன்.
கதாநாயகி பஸ்ஸிலிருந்து இறங்கப் போகிறாள்
மேலத்தெரு டிரான்ஸ்பார்மர் வெடித்தது.
லைன்மேன் மாசிலாமணிக்குக் கும்பகோணத்தில் மச்சினி கல்யாணம்.
மூன்றாம் நாள் ராத்திரி கரண்ட் வந்தபோது
வாடகை முடிந்திருந்தது.
ஒரு கால் படியில், ஒரு கால் காற்றில்,
அவள் இறங்கினாளா
அதே பஸ்ஸில் திரும்பிப் போனாளா
தெரியாது.
தெரிந்துகொள்ள இன்னொரு நூற்று நாற்பத்தொன்பது.

இன்றைக்கு டிவியில்
எழுத்துக்குக் கீழே ரெண்டு கட்டம்.
புதுக் கணக்குத் தொடங்கு என்று ஒன்று.
நான் பயணத்தில் இருக்கிறேன் என்று ஒன்று.

வலங்கைமானுக்கு வாக்கப்பட்டு வந்து
இருபத்துமூன்று வருசம்.
ரேஷன் கார்டு இங்கே, ஓட்டு இங்கே,
கேஸ் புத்தகம் இங்கே.
கொஞ்ச நேரம் ரிமோட்டைப் பிடித்தபடி இருந்துவிட்டு
பயணத்தில் இருக்கிறேன் என்பதை அழுத்தினேன்.

தம்பிக்கு ஒரு எண் போயிருக்கிறதாம்.
பதினைந்து நிமிசத்துக்குள் சொல்ல வேண்டுமாம்.

போன் போட்டேன்.
ஞாயிற்றுக்கிழமையும் ஷிப்ட் போல,
பின்னால் தையல் மெஷின்கள் இரைந்தன.
'என்னக்கா, சாப்ட்டியா?'
நாலு எண் சொன்னான், ரெண்டு காதில் விழவில்லை.
இரு, வெளியே வந்து சொல்கிறேன் என்று நடந்தான்.
இரைச்சல் குறைந்ததும்
எண்ணை விட்டுவிட்டு
'ஆத்துல தண்ணி வந்துட்டா?' என்றான்.
குடமுருட்டியில் முழங்கால் அளவு,
நுரையும் செத்தையுமாக வருகிறது,
அங்கே நாளைக்கு எட்டிவிடும் என்றேன்.
'நம்ம ஏழு மாவுக்கு ஏறிடுமாக்கா?'

நம்ம என்றான்.

மதகு பலகை உளுத்துப் போனது,
குத்தகைக்காரர் பக்கிரிசாமிக்குக் கண்ணில் புரை,
கொல்லை மாமரம் இந்த வருசம் பிஞ்சிலேயே கொட்டியது,
எல்லாம் பேசிமுடித்து
திரும்பிப் பார்த்தால்
எண் காலாவதி என்று நிற்கிறது டிவி.

இன்னொன்று அனுப்பச் சொல்ல வேண்டும்.
உலையில் அரிசி போட்டுவிட்டுச் சொல்லலாம்.