அயல் அட்டவணை

அந்த அட்டவணை எங்களிடம் இல்லை.
முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.
தை செங் கட்டடத்தின் ஆறாவது மாடியில்
குளிரில் உறுமிக்கொண்டிருக்கும் எங்கள் சர்வரில்
அதன் பெயர் இருக்கிறது,
பன்னிரண்டு நெடுவரிசைகளின் பெயர் இருக்கிறது,
எந்தக் கதவைத் தட்டுவது, என்ன சொல்லித் தட்டுவது
எல்லாம் இருக்கிறது.
முட்டை ஒன்றுகூட இல்லை.

முட்டைகள் குலாயில்.
பாலம் காலியாக இருந்தால் நாற்பது நிமிடம்.
பாலம் காலியாக இருந்து நான் பார்த்ததில்லை.

ஆனாலும் விற்பனைப் பிரிவின் ஹுவீ லிங்
இருப்பு எவ்வளவு என்று ஒரு பொத்தானை அழுத்தினால்
பக்கத்து இழுப்பறையைத் திறந்ததுபோல்
வந்து நிற்கும்:
தட்டுகள், தரம், லாரி எண், புறப்பட்ட நேரம்.
எங்கிருந்து வருகிறதென்று அவளுக்குத் தெரியாது.
தெரியாமல் பார்த்துக்கொள்ளத்தான் எனக்குச் சம்பளம்.

வீட்டில் குழாயைத் திறக்கிறேன்.
இதில் எத்தனை பங்கு அக்கரை ஆறு என்று
டம்ளரிடம் கேட்க முடியாது.

முதல் மாதம் ஒரு முட்டாள்தனம் செய்தேன்.
இன்று உடைந்த தட்டுகள் எத்தனை என்ற கேள்விக்கு
எட்டு லட்சம் வரிகளையும் கடல் தாண்டி வரவழைத்து
இங்கே உட்கார்ந்து புடைத்தது என் சர்வர்.
ஒரு பிடி நொய்க்காக
ஆலையையே வீட்டுக்குத் தூக்கி வந்த மாதிரி.
பதினோரு நிமிடம்.
ஹுவீ லிங் கீழே போய் கோப்பி ஓ வாங்கி,
ஆறவைத்து, குடித்து முடித்தே விட்டாள்.
பிறகுதான் படிந்தது:
சலிப்பதை அங்கேயே சலிக்கச் சொல்.
கேள்வி போகட்டும், பதில் மட்டும் வரட்டும்.
பதினேழு வரி.
இமைத்தால் தவறிவிடும்.

பன்னிரண்டாவது நெடுவரிசைக்குக் குறிப்பு என்று பெயர்.
எந்த அறிக்கையும் அதைக் கேட்பதில்லை.
இரவுப் பணியில் நான் கேட்பேன்.
பதிந்தவர்: யோகமலர்.
மலாயில் தொடங்கித் தமிழில் முடியும்.
'மழை. லாரி தாமதம்.'
'நேற்றைய இடி கோழிகளுக்குப் பிடிக்கவில்லை, முட்டை குறைவு.'
'ஓட்டுநர் ஜைனலுக்குப் பெண் பிறந்திருக்கிறாள்,
அரை மணி பொறுக்கவும்.'
பிறகொரு நாள், அதிகாலை நான்கு பத்துக்கு,
'இதையெல்லாம் யாராவது படிக்கிறீர்களா?'

எனக்கு வாசிக்க மட்டுமே அனுமதி.
எழுத அனுமதி வேண்டுமென்றால் விண்ணப்பம்.
விண்ணப்பத்தில் காரணம் என்று ஒரு கட்டம்.
மூன்று முறை திறந்து மூன்று முறை மூடினேன்.

வெள்ளிக்கிழமை விடிவதற்குள் அழைப்பு:
முட்டையே வரவில்லை.
திரையில் சிவப்பு எழுத்து,
குறிப்பு என்றொரு நெடுவரிசை இல்லை.
என் பக்கம் பார்த்தேன். இருக்கிறது.
பெயர், வகை, நீளம், எதிலும் குறையில்லை.
அவர்கள் பக்கம் நீக்கிவிட்டார்கள்.
இடம் வீணாகிறதாம்.
எனக்குச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.
அங்கே இல்லாத ஒன்றை
இருக்கிறது, இருக்கிறது என்று
இரவெல்லாம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது
என் வரையறை.

சரிசெய்ய ஒரே வரி போதும்.
நானும் எடுத்துவிட வேண்டும்.
விரலை விசைமேல் வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.
எடுத்தேன்.
பதினொன்றும் பதினொன்றும் பொருந்தின.
முட்டைகள் வந்தன.

எழுத அனுமதி இல்லை, சரி.
ஆனால் இணைப்புக்கு ஒரு பெயர் வைக்கலாம்.
ஒவ்வொரு முறை போய்க் கதவைத் தட்டும்போதும்
அக்கரைப் பதிவேட்டில் அந்தப் பெயர் விழும்.
இதுவரை 'சிங்கப்பூர் இரண்டு' என்றிருந்தது.
அழித்துவிட்டு 'தினமும் படித்தேன்' என்று வைத்தேன்.

பதிவேட்டையெல்லாம் யார் படிக்கிறார்கள்?
யோகமலருக்கு அப்படியொன்று இருப்பதே தெரியாது.
இரவுப் பணியில் அங்கேயும் ஒரு ஆள் இருப்பார்.

ஒன்பது மணிக்கு ஹுவீ லிங் எட்டிப் பார்த்தாள்.
'என்ன செய்தாய்? இன்று வேகமாக வருகிறதே!'
'ஒரு நெடுவரிசை குறைந்தது' என்றேன்.
'நல்லது' என்றாள்.