வலைக்கண்

குளச்சல் ஏலக்கூடத்தில் விடியுமுன்
மீனை அளக்கிற வேலை எனக்கு.
விலை கேட்பதில்லை, வாங்குவதில்லை.
பிளாஸ்டிக் பலகையில் மூக்கை முட்டவைத்து
வால் பிளக்கும் இடத்தில் எண்ணைப் படித்து
நனைந்த படிவத்தில் எழுதுவேன்.
பதினாலு. பதினாலரை. பதின்மூன்று.

நவரை முன்பெல்லாம் இருபதை நெருங்கித்தான்
சினை பிடிக்குமென்று
எங்கள் பழைய பதிவேடு சொல்கிறது.
இன்று பதின்மூன்று சென்டிமீட்டர் வயிற்றுக்குள்
மஞ்சளாக, சுண்டுவிரல் கனத்தில் இரண்டு.
பிள்ளைக்குள்ளே பிள்ளை.

"மீனுக்கும் புத்தி வச்சாச்சு பிள்ளே,"
என்கிறார் விசைப்படகு ததேயுஸ்.
"வலையப் பாத்துப் பாத்துப் படிச்சிட்டு.
சின்னதா இருந்தாத் தப்பலாம்னு
அதுவாட்டு சுருங்கிட்டு."

சிரிப்பை அடக்கிக்கொள்கிறேன்.
இலைக்கு எட்டி எட்டித்தான்
ஒட்டகச்சிவிங்கிக்குக் கழுத்து நீண்டதென்று
நானும் எழுதி
ஐந்துக்கு ஐந்து வாங்கியவள்.

எந்த நவரையும் எதையும் தீர்மானிக்கவில்லை அண்ணே.
பெரிதாகி, நிதானமாகப் பெற இருந்தவை
உங்கள் மடியில் ஏறி
ஐஸ் பெட்டியில் கேரளத்துக்குப் போயின.
சிறுத்தே பெற்றவை
கண் வழியே நழுவின.
அவற்றின் குஞ்சுகள் அவற்றைப்போல.
சுருங்கியது மீன் அல்ல,
மிச்சம்.

வலைக்கு ஆயிரம் கண்.
ஒன்றுக்கும் பார்வை கிடையாது.

படிவத்தின் தலையில் அச்சிட்டிருக்கிறது
'பரிணாம வளர்ச்சிக் கணக்கெடுப்பு'.
மாறுவதோடு நிறுத்த மனமில்லாமல்
யார் ஒட்டிய வால், இந்த வளர்ச்சி?
நமக்கு ஏறியாக வேண்டும்.
படிக்குமேல் படி,
உச்சிப்படியில் நிமிர்ந்து நாம்.

போன மாதம் குருசடிப் பக்கத்துப் பள்ளியில்
சுவரில் வரைந்தவன்
இடது ஓரம் குரங்கு, வலது ஓரம் மனுசன் போட்டு
நடுவில் இடம் போதாமல்
இரண்டு பேரை விழுங்கிவிட்டான்.
"குரங்குதான் மனுசன் ஆச்சுன்னா
கீரிப்பாறையில இன்னும் குரங்கு எதுக்கு?"
கேட்ட பையனிடம் கேட்டேன்:
நீ பிறந்த பிறகும்
உன் சித்தப்பா மகன் எதுக்குடா இருக்கான்?
அவன் யோசித்தான். பிறகு, அவன் எனக்குக்
கடன் தரணும் மிஸ், என்றான்.

இப்படி எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தவள்தான்
ஒருநாள் வாய்தவறி,
புத்தகத்தில் இருந்ததை அப்படியே,
தக்கது பிழைக்கும் என்றேன்.

ததேயுஸ் கயிறு சுற்றிக்கொண்டிருந்தார்.
சுற்றுவது நின்றது.
"ஒரே வள்ளத்துல ரெண்டுபேரும் போனோம்.
புயல் அடிச்சப்ப நான் வந்தேன்.
தம்பி ஆன்றோஸ் வரல்ல.
என்னையவிட நல்லா நீந்துவான், கேட்டியா.
அப்பம் அவன் தகாதவனா?"

இதற்கு என் பலகையில் கோடு இல்லை.
தக்கது என்றால் நல்லது அல்ல,
வலியதும் அல்ல,
இந்த வலைக்கு, இந்த வருசத்துக்கு வாய்த்தது;
கண்ணை அகலமாக்கிப் பின்னினால்
நாளைக்குத் தகுதியே வேறு;
பல நேரம் அதுகூட இல்லை,
அலை எந்தப்பக்கம் திரும்பிற்று என்பதுதான்.
எல்லாம் தொண்டைவரை வந்தன.
"கடலுக்கு ஆள் தெரியாது அண்ணே,"
அதுமட்டும் வெளியே வந்தது.

"அது எனக்குத் தெரியும்," என்றார்.

வெகுநேரம் கழித்து,
கூடையைக் கிளறி ஒன்றை எடுத்து
என் பலகைமேல் போட்டார்.
"இந்தா, பெருசு. எழுதிக்க."

பத்தொன்பதரை.
வயிற்றை அமுக்கிப் பார்த்தேன்.
சினை இன்னும் பிடிக்கவில்லை.
எழுதினேன்.
அவர் அதை வாங்கி
ஐஸில் புதைத்தார்.