புளிமாங்காய்

காலாப்பட்டில் முதல் பேருந்து, புதுச்சேரியில் மாறி இரண்டாவது.
மடியில் பதிவுக் கருவி,
பையில் ஒப்புதல் படிவம் இருபது நகல்.
முதுகலை இரண்டாம் ஆண்டு, இன இசையியல்.
"அப்படின்னா?" என்ற நடத்துநரிடம்
பாட்டைப் பற்றிப் படிக்கிறேன் என்றேன்.
"எங்க, ஒண்ணு பாடுங்க பாப்போம்."
பாடவில்லை.
கடலூர் ஓ.டி. ஒன்று கிழித்துக் கொடுத்தார்.

துறைமுகத்தில் ஏலம் ஐந்தரைக்கு.
மரப்பெட்டிமேல் தேசிங்கு ஏறி நின்றால்
உப்பனாற்றில் பேச்சு அடங்கும்.
ஆயிரத்து எண்ணூறு எண்ணூறு எண்ணூறு
எண்ணூத்தம்பது அம்பது அம்பது...

"இது இசையா, விலையா?
முதல் அத்தியாயத்திலேயே சொல்லிடு" என்றிருந்தார் நெறியாளர்.
முப்பத்தொரு பக்கம் சொன்னேன்.
'நூ'வில் ஏறி 'று'வில் சறுக்கும் கமகம்,
மூச்சு வாங்காத பதினோரு நொடி.
மென்பொருள் திரையில்
ஒரு மனிதரின் தொண்டை நீலக் கோடாக மேடுபள்ளம் போனது.
குரல் துலங்க வேண்டுமென்று
மற்றதையெல்லாம் வடிகட்டினேன்:
காகம், வசவு, டீசல் எந்திரம்,
தடக் தடக்கென்று ஏதோ ஒன்று.

புதன்கிழமை அஞ்சலாட்சி என் முழங்கையைப் பிடித்தாள்.
"நேத்து ஏலம் உன் பொட்டியில கெடக்குதா?"
ஒரு கூடை சங்கரா.
அவள் எடுத்தது ரெண்டாயிரத்து இருநூறுக்கு.
கணக்குப்பிள்ளை நோட்டில் ரெண்டாயிரத்து எழுநூறு.

படிவத்தின் மூன்றாம் பத்தி:
ஆய்வு நோக்கத்துக்கு மட்டுமே.
தட்டச்சு செய்தவள் நான்தான்.
ஹெட்போனைக் கழற்றி அவள் காதில் மாட்டினேன்.

எண்ணூத்தம்பது வரை தெளிவு.
அதற்குப்பின் ஐஸ் உடைக்கும் எந்திரம் ஓடியிருக்கிறது,
வடிகட்டியும் போகாத அரைப்பு.
அடியிலிருந்து கடைசியில்
'நூறு' மட்டும் தலை நீட்டுகிறது.
என் சுரக்குறிப்பைப் பிரித்தேன்.
இருநூறாக இருந்தாலும் எழுநூறாக இருந்தாலும்
அதே ஏற்றம், அதே சறுக்கல், அதே மாத்திரை.
நிரை நேர் நேர். நிரை நேர் நேர்.
பத்தாம் வகுப்பில் அலகிட்டது நினைவுக்கு வந்தது.
இரண்டும் புளிமாங்காய்.

அஞ்சலாட்சி ஹெட்போனை எடுத்துவிட்டாள்.
"இது தேசிங்கு இல்ல."
அவர்தானம்மா.
"அப்ப காலு எங்க?"

காலா?

"வெல ஏறுறப்பல்லாம் குதிகாலால பொட்டிய ஒரு தட்டு தட்டுவான்ல.
அத எங்க வச்ச?"

வடிகட்டாத கோப்பைத் தேடி எடுக்க
கை கொஞ்சம் நடுங்கியது.
அரைப்புக்கு அடியில், தரையோடு தரையாக,
தடக்.
அவள் கண்ணை மூடிக்கொண்டு விரல் மடக்கினாள்.
தடக்.
ஈரக் கை, செதில் ஒட்டிய நகங்கள்.
எட்டாவது மடங்கியபின் வேறு வரவில்லை.
"எண்ணூறுல ஆரம்பம். தட்டுக்கு அம்பது. இப்ப நீயே கூட்டிக்க."

கணக்குப்பிள்ளை மாசிலாமணி பேனா மூடியைக் கடித்தபடி
அடித்துத் திருத்தினார்.
"கை தவறிடுச்சு."
அஞ்சலாட்சி நன்றியெல்லாம் சொல்லவில்லை.
பாலித்தீன் பையில் இரண்டு சங்கராவைப் போட்டுக் கொடுத்தாள்.
விடுதியில் சமைக்கக் கூடாது என்றதும்
படிக்கிற இடம்தானா அது என்று கேட்டாள்.

வியாழக்கிழமை என்னைப் பார்த்ததும்
தேசிங்கு பெட்டியைவிட்டு இறங்கினார்.
தோள் துண்டை உதறினார்.
மாட்டுச் சந்தைக்காரன்போல்
ஒவ்வொருவர் கையையும் துண்டுக்குள் வாங்கி
விரல் பிடித்தே அத்தனை கூடையையும் விற்றார்.
பெண்கள் சிரித்துத் தீர்த்தார்கள்.
"பதிஞ்சியா பாப்பா?"

பதிந்தேன். நாற்பது நிமிடம்.
காகம், ஐஸ் எந்திரம், ஒரு விசைப்படகின் ஹாரன்,
என்னைப் பற்றிய இரண்டு கேலி.
பதினேழாம் நிமிடத்தில்,
வாய் மூடியிருந்தும் கால் மறந்துபோய்,
சிமெண்டுத் தரைமேல் மெதுவாக
ஒரு தட்டு.

அதை நீக்கவில்லை.
என்ன விலை என்று தெரியவில்லை.