இடப்பக்கம் இழுக்கும் வண்டி

ஓசூரில் என்னோடு லைனில் நிற்கிற பிரமீளா
இரவல் கொடுத்த ஸ்ட்ரோலர்.
"இடப்பக்கம் இழுக்கும், பாத்துக்கோ" என்றாள்
மாமியாரைப் பற்றிச் சொல்வது போல.

கிருஷ்ணகிரி அணைப் பூங்கா வாசலில்
டிக்கெட் கிழிப்பவர் குனிந்து சக்கரங்களை எண்ணினார்.
"நாலு இருக்கு. கார் சார்ஜ் போடட்டுமா?"
சிரித்தது அவர் மட்டும்.

சின்னவள் அதில் உட்காரவே இல்லை.
பெல்ட்டைப் பூட்டினால் வில்லாய் வளைந்து அலறல்.
திம்மராஜ் தோளில் ஏறியதும்
அணைக்கே சொந்தக்காரி.

வண்டி சும்மா போகுமா?
புளிசாதத் தூக்கு, தண்ணீர் கேன்,
இரண்டு கிலோ செந்தூரா,
வறுத்த ஜிலேபி மீன் பொட்டலம்,
கடித்ததால் கழற்றிய என் செருப்பு
எல்லாம் மெத்தையில் சாய்ந்து
மான் பார்த்துக்கொண்டு வந்தன.
படிக்கட்டு வந்தால் பல்லக்கு.
முன்பக்கம் தூக்கிய காலேஜ் பையன்
"பாப்பா எங்கக்கா?" என்றான்.

மதகுக்குப் போகும் ஏற்றத்தில்
லோகித் நின்றுவிட்டான். ஏழு வயது.
"எனக்குக் கால் வலிக்கலை" என்றான்
யாரும் கேட்காமலே.

மாம்பழங்களை இறக்கினேன்.
முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்தவன்
பத்தடிக்குள் தூங்கிப்போனான்.

இவன் கைக்குழந்தையாய் இருந்த வருஷம்
எனக்கு நைட் ஷிப்ட்.
பகலில் நான் தூங்க, இவனைப் பக்கத்து வீடு வைத்திருந்தது.

இப்போது சட்டையெல்லாம் மீன் வாசம்.
ஷூ முனை இரண்டும் சரளையில்
கோடு கிழித்துக்கொண்டே வருகின்றன.
தண்ணீர்ப் பக்கமாய் இழுக்கிறது சக்கரம்,
இடக்கையால் கொஞ்சம் கூட அழுத்தினால்தான் நேராகப் போகும்.

"நான் தள்ளட்டுமா?" என்கிறார் திம்மராஜ்.

வேண்டாம்.