சாவிக்கொத்து

படியேறும்போது சாவிக்கொத்தை
வேண்டுமென்றே குலுக்குவேன்.
பதினாறு படி. ஒன்பதாவதில் ஓர் இருமல்.
கதவுக்கு முன்னால் நின்று
"நான்தான்" என்பேன்.

பேசிவைத்த ஏற்பாடில்லை.
வந்த புதிதில் ஒருநாள் ஓசைப்படாமல் நுழைந்தேன்.
அரிசி களைந்துகொண்டிருந்த நிரோஷா
குண்டானைத் தலைக்குமேல் தூக்கிக் குனிந்துவிட்டாள்.
தரையெல்லாம் அரிசி.
இருவரும் உட்கார்ந்து பொறுக்கினோம்.

பேரணாம்பட்டு மே மாதத்தில்
மாடி அறை தோசைக்கல்.
ஆனாலும் ஜன்னலைத் திறக்க மாட்டாள்.
ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு படுத்தோம்.
இரண்டு பேர் விரலிலும் ஷூ கம்பெனிப் பசை வாசனை.

காலை ஆறே முக்காலுக்கு வேன்.
உள்பக்கம் அவள், ஜன்னலை மறைத்து நான்.
வலது மணிக்கட்டு கோணலாய்க் கூடியிருந்தும்
எங்கள் லைனில்
அவள் தைத்த ஜோடி மட்டும் திரும்பி வந்ததில்லை.

நல்லது என்று நினைத்து ஒரு தப்பு செய்தேன்.
அவளைக் கேட்காமல் அவள் அண்ணனுக்குப் போன்.
"ஆம்பளன்னா கை நீட்டத்தான் செய்வான்,
தீபாவளி வரைக்கும் பொறுக்கச் சொல்லு" என்றான்.
பிறகு விலாசம் கேட்டான்.
வைத்துவிட்டேன்.
ராத்திரி அவளிடம் சொன்னேன்.
அடுப்பைப் பார்த்தபடியே கேட்டாள்:
"அங்கதான் எல்லாத்தையும் இன்னொருத்தர் முடிவு பண்ணாங்க.
இங்கயுமாக்கா?"

நாலு நாள் பேச்சில்லை.
சாவியை மட்டும் குலுக்கிக்கொண்டு ஏறினேன்.

அப்புறம்தான் கேட்கக் கற்றேன்.
வேலூர் போகலாமா, வேண்டாமா?
நான் உள்ளே வரட்டுமா?
"வெளியவே இருக்கா."
சத்துவாச்சாரி கோர்ட்டு வாசலில்
மிளகாய்ப்பொடி தூவிய வெள்ளரிப்பிஞ்சு
மூன்று மணி நேரம் என் கையில் வாடியது.
வந்தாள். ஒரு துண்டு கடித்தாள்.
"அடுத்த மாசம் பதினெட்டு."
அவ்வளவுதான்.
பள்ளிகொண்டா தாண்டிப் பாலாற்றுப் பாலத்தில்
முகத்தில் மணல் அடித்தபோதுதான் பார்த்தேன்,
பஸ் கண்ணாடியை அவள் தள்ளி வைத்திருந்ததை.

கீழ்வீட்டுக் கல்யாணத்தில் வெடி போட்ட ராத்திரி
மறுபடி எல்லாம் மூடிக்கொண்டது.
விடியும்வரை சுவரில் சாய்ந்திருந்தாள்.
பக்கத்தில் நானும், தூங்கி விழுந்துகொண்டு.

நேற்று நான் வைத்த குழம்பை வாயில் வைத்ததும்
"உப்பு மூட்டையையே கொட்டினியா?" என்று கத்தினாள்.
கத்தினாள்!
குழம்பை வழித்துக் கொட்டிவிட்டுச் சொன்னாள்:
"இன்னாத்துக்குக்கா தினமும்
பூம்பூம் மாடு மாதிரி மணி ஆட்டிக்கினு ஏறி வர்றே?"

இன்றைக்குச் சாவியைப் பைக்குள் போட்டுவிட்டேன்.
இருமலை மட்டும்
இன்னும் விடவில்லை.