துளையில்லாத பெல்ட்

பிப்ரவரியில், தபாலில் வந்தது.
உள்பக்கம் வரிசையாகப் பற்கள்.
கால் அங்குலத்துக்கு ஒன்று என்றது சீட்டு.

முதலில் தோலை வெட்ட வேண்டும்.
வெட்டினால் ஒட்டாது என்று
தடித்த எழுத்தில் எச்சரிக்கை.
இரண்டு விரல் கூடவே விடு என்றாள் மார்லிஸ்.
என் வயிற்றின் மேல்
அவளுக்கு எப்போதும் அவ்வளவு நம்பிக்கை.

பழைய பெல்டில் ஐந்து துளை.
மூன்றாவதில் மூச்சு முட்டும்
நான்காவதில் கால்சட்டை இறங்கும்
பதினோரு வருடம்
இரண்டுக்கும் நடுவே குடியிருந்தேன்.
ஆணியால் நானே போட்ட துளை
கோணிக்கொண்டு ஓரத்துக்குப் போய்விட்டது.

இப்போது, டிக்.
காப்பிக்கு முன் ஒரு பல்.
பனி தள்ளும் வண்டியில் ஏறியதும் இன்னொன்று.
கால்மெட்டில் விடியும்வரை சாலை வழித்தாலும்
இடுப்பு இருந்த இடத்தில் இருக்கிறது.
இதை நான் சும்மா சொல்லவில்லை.

ஆனால் அந்த இரும்புக் கொக்கி
ஜனவரியில் அடிவயிற்றைத் தொடும்போது
ஆண்டவரைக் கூப்பிடுகிறேன்,
கோயிலில் கூப்பிடும் குரலில் அல்ல.

இறுக்குவதென்றால் ஒவ்வொரு பல்லாக.
தளர்த்துவதென்றால் மொத்தமாக.
பாஸ்டி இரண்டு தின்றபின்
மேசைக்கு அடியில் நெம்புகோலைத் தூக்கினால்
எல்லாம் விட்டுப்போகிறது.
மறுபடி டிக், டிக், டிக்.
பரிமாறுகிற லொரெய்ன்
எண்ணிக்கொண்டே பில் போடுகிறாள்.

பூட்டும்போது ஊருக்கே கேட்கும்.
அவிழும்போது பூனை.
அதை நான் அறிந்தது
ரெய்னோவின் சவப்பெட்டியைச் சுமந்த அன்று.
லூத்தரன் கோயில் படிகளில் உறைபனி,
ஆளுக்கொரு பிடியாக ஆறு பேர்.
பெட்டி ஓரம் கொக்கியை உரசியது.
ஒரு சத்தமில்லை.
இடுப்பில் குளிர்காற்று நுழைந்ததும்தான் புரிந்தது.

பின்னால் வந்த டுவெய்ன்
ஒரு வார்த்தை பேசவில்லை.
வலக்கையில் ரெய்னோ
இடக்கையில் என் கால்சட்டை
ஒன்பது படியும் இறங்கினான்.
இருவரில் யார் கனம் என்று
இன்றுவரை அவன் சொன்னதில்லை.

குழியருகே பெட்டியை இறக்கி வைத்தோம்.
போதகர் கண்ணாடியைத் தேடினார்.
அந்த மௌனத்தில்தான் நான் இறுக்க வேண்டியிருந்தது.
டிக்.
மெதுவாக இழுத்தால் சத்தம் குறையும் என்று நினைத்தேன்,
குறையவில்லை, நீண்டது.
டிக். டிக்.
ஏழாவது பல்லில்
ஔனேவின் தோள்கள் குலுங்கின.
கைக்குட்டைக்குப் பின்னால்
அழுதாளா சிரித்தாளா, நான் கேட்கவில்லை.
ரெய்னோ என்றால் சிரித்திருப்பான்,
அதுவும் அடக்காமல்.

பழைய பெல்ட் கராஜில் தொங்குகிறது.
மூன்றாம் துளை நீண்டு கண்ணீர்த் துளி வடிவம்.
நான்காவதைச் சுற்றி
இருமிக்கொண்டே கிடந்த குளிர்காலத்தின் வெடிப்பு.
யார் எடுத்துப் பார்த்தாலும்
என் உடம்பு எங்கெங்கே நின்றதென்று தெரியும்.
புதியதற்கு நேற்று என்ற ஒன்று கிடையாது.
எந்தப் பல்லும்
நான் அங்கே இருந்ததாகச் சாட்சி சொல்லாது.

சவ விருந்தில், ஹாம் தட்டோடு
டுவெய்ன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.
எங்கே வாங்கினாய் என்றான்.
விலையைச் சொன்னேன்.
நெம்புகோலைப் பற்றித்தான்
உனக்கே தெரியுமே என்றேன்.

கறுப்பு நிறத்தில் கிடைக்குமா என்றான்.